வாய் திறக்கக் கூடாத பரீட்சை

— ஆட்டாதீங்கப்பா. மாவுக்கட்டு போட்ட காலுலா அது.

— காலு கெடக்கட்டும் பவித்ரன். கேள்வியெல்லாம் எப்படி வந்துச்சு?

— அத விடுங்க. ஏணியில ஏறச் சொல்லி யாரு சொன்னா?

— ஒரு வாரமா நீதானே பாடம் எடுத்தே. சட்டக் கல்லூரி பரீட்சை, வீட்டுலயே லேப்டாப்புல எழுதணும், எங்கேயோ இருந்து ஒரு பொம்பள கேமரா வழியா பாத்துக்கிட்டே இருக்கும், ரூமுல பேச்சுக்குரல் கேட்டா கேன்சல்னு. உங்கம்மாவ அத்தை வீட்டுக்கு அனுப்பினேன். சேவல ஆயர் தாவார் டவுன்ல இருக்குற சித்தப்பாகிட்ட விட்டேன்.

— சேவலோட நிறுத்தியிருக்கலாம்லா.

— நிறுத்தலாந்தான். ஒம்பதுக்கு நீ கதவ சாத்துன, நம்ம கோயில பாத்துக்குற சன்னாசி ஸ்பீக்கர்ல பாட்டப் போட்டான். ஆடி வெள்ளியாம். கெஞ்சிப் பாத்தேன். கோயில் கமிட்டி செயலாளரு நீங்களே இப்படிப் பேசலாமான்னு கேக்குறான்.

— அதனால செயலாளர் நம்ம வீட்டோரத்து வேப்பமரத்துல ஏணி போட்டு ஏறி, ஸ்பீக்கர் வயர அறுத்தாரு.

— அறுக்கல. கழட்டினேன். லாயராகப் போறவன் வார்த்தைய பாத்துப் பேசணும்.

— சாயங்காலம் கமிட்டியில மாலையோட வாராங்களாம். பாட்டு நின்னுபோச்சேன்னு நீங்க வயர சரி பண்ணப் போயி விழுந்துட்டீங்கன்னு சன்னாசி அண்ணன் சொல்லி வெச்சிருக்காரு.

— மாலையா? வாங்கிக்குவோம். வேணாம்னா ஏன்னு கேப்பானுங்க.

— எத்தன மணிக்குப்பா விழுந்தீங்க?

— ஒம்பதே கால் இருக்கும்.

— நான் வந்து பாத்தது பத்தரைக்கு. அதுவரைக்கும் சன்னாசி அண்ணன் எங்க போனாரு?

— பியூஸ் போச்சுன்னு நெனச்சு, புதுசு வாங்க டவுனுக்குப் போயிட்டான்.

— ஒன்னேகால் மணி நேரம் அந்த வெயில்ல கெடந்திருக்கீங்க. ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?

— ஒன் ஜன்னல் பத்தடியில இருக்கு. நான் ஐயோன்னா ஒன் பரீட்சை போச்சு. தோள்ல கெடந்த துண்ட வாயில திணிச்சுக்கிட்டேன். வலி ஒன்னும் பெரிசா இல்ல, கொஞ்ச நேரத்துல மயக்கம் வந்துருச்சு.

— தொம்முன்னு கேட்டுச்சுப்பா. தென்னமட்டை விழுந்துச்சுன்னு நெனச்சேன்.

— நல்ல வேள. எந்திரிச்சு எட்டிப் பாத்திருந்தா அந்தப் பொம்பள விட்டிருக்குமா? நீ எந்திரிக்கல, நான் கத்தல. ரெண்டு பேரும் பாஸ்.

— அப்படிச் சொல்லாதீங்கப்பா.

— ஏன்டா? இந்த எஸ்டேட் தோட்டத்து வீட்டுல மொத லாயர். இதுக்கு ஒரு காலு என்ன, ரெண்டையும் குடுக்கலாம். மூஞ்சிய தொடச்சுக்க, நர்ஸ் பாக்குது.

— சின்னதுல இருந்து, வெளிய நின்னா ஒங்களுக்குக் கேக்கணும்னு சத்தமா படிக்கச் சொல்லிப் பழக்கினீங்கல்ல?

— ஆமா. வாய மூடிட்டு நீ படிச்சா நான் எப்படி நம்புறது?

— இன்னிக்கும் கேள்விய வாய்விட்டுப் படிச்சிட்டேன்பா. அந்தப் பொம்பள ரெண்டு தடவ சொல்லிப் பாத்துச்சு. ஒம்பது பத்துக்கே பரீட்சைய மூடிருச்சு. வெளிய வந்து ஒங்ககிட்ட சொல்லப் பயந்துக்கிட்டு, பத்தரை வரைக்கும் அணைஞ்ச லேப்டாப்புக்கு முன்னால சும்மா உக்காந்திருந்தேன்.