எட்டு மரமும் மூணு பலகையும்

அந்த மரத்தடி வேண்டாமுங்க. ஆமாங்க, அந்த மூணாவது மரந்தான். அங்க கீழ பூராவும் ஓடக்கல்லு, மூணடிக் குழி எடுக்கறதுக்குள்ள ஆளு சோந்து போயிருமுங்க. இக்கட்டால, இந்தப் பக்கம் களத்தோரமா எடம் இருக்குது. நல்ல பொலபொலன்னு மண்ணு. எத்தன குழி வேணும்னாலும் எடுத்துக்கங்க. அங்க தென்னை இல்லீங்களா? அதும் வாஸ்தவந்தான். வேரு பாக்கோணும்னா மரம் வேணுமில்லீங்க.

செரி, கடப்பாரை வரட்டும். நம்ம விவசாய ஆபீசர் பாரூக் சாரு, என்ர தங்கச்சி மாப்பிள்ளை தோப்புக்குப் போயிருக்காரு, வாங்கிட்டு வர்றதுக்கு கால்மணி நேரமாவது ஆகும். அதுவரைக்கும் இந்தக் கயித்துக் கட்டல்ல உக்காருங்க. எளநி குடிங்க. மேடம்னு கூப்பட வாயி வரமாட்டேங்குது, அம்மணின்னே கூப்படறேன். பெரிய படிப்புப் படிச்சவீங்க, கோவிச்சுக்காதீங்க.

பலகைங்களா? மூணும் இந்தத் தோப்புக்குத்தானுங்க. மரம் எட்டு, பலகை மூணு. பச்சை, விவசாயத் துறையோடது. பாரூக் சாருக்குச் சம்பளம் மெட்ராஸ்ல இருந்து வருது, அவரு ஓட்டற மோட்டார் சைக்கிள் மட்டும் உலக வங்கிக் கடன்ல வந்தது. மஞ்சப் பலகை உங்க யுனிவர்சிட்டி. நீலம் வந்து, டில்லியில இருந்து உங்குளுக்கு ஆராய்ச்சிக்குன்னு பணம் அனுப்பறாங்க பாருங்க, அவீங்களுது. காசு குடுக்கறவீங்க வந்து பாக்கறப்ப அவீங்க பலகைதான் கண்ணுக்குத் தெரியோணுமாமுங்க. போன மாசம் டில்லிக்காரரு வந்தப்ப மத்த ரெண்டையும் மாட்டுச்சாளையில சாத்தி வெச்சேன். உங்க பலகையில ஒரு மூலையை எருமை நக்கிப்போடுச்சு. சிரிக்காதீங்க, நெசமாத்தான்.

நாந்தான் இந்த ஊருக்குத் தொடர்பு விவசாயி. உங்குளுக்குத் தெரியாததில்லை, ஆனா கீழ இருந்து பாத்தா எப்பிடித் தெரியுதுன்னு கேளுங்க. மேல நீங்க ஒண்ணு கண்டுபுடிக்கறீங்க. மாசம் ஒருக்கா துறை ஆபீசருங்களக் கூப்பிட்டு அதச் சொல்றீங்க. அவீங்க பாரூக் சாராட்ட இருக்கறவீங்களுக்குச் சொல்றாங்க. அவரு ஒரு செவ்வா விட்டு ஒரு செவ்வா எங்கிட்ட வந்து சொல்லுவாரு. நான் பத்துப் பேருகிட்டச் சொல்லோணும். தலைமடையில தெறந்து விட்டா கடைமடை வரைக்கும் போயிச் சேரும்னு ஒரு கணக்கு. கணக்கு நல்ல கணக்குத்தானுங்க. நடுவுல ஒருத்தன் யோக்கியமா இருக்கோணும், அவ்வளவுதான்.

அந்தப் பத்துல ஏழாவது பேருதான் என்ர மாப்பிள்ளை, சென்னியப்பன். என்ர தங்கச்சி மயிலாத்தாளைக் கட்டுனவரு. இதே வாய்க்காதான் எங்க தோப்பைத் தாண்டிப் போயி அவரு தோப்புல முடியுது. நாப்பது மரம் வெச்சிருக்காரு.

குழியா? மறக்கலீங்க. ஆனா அந்த மூணாவது மரத்துக்கிட்ட ஒரு பாம்புப் புத்து இருந்துச்சுங்க. இப்பக் காணமா? மழையில கரைஞ்சிருக்குமுங்க. பாம்பு அங்கயேதான் இருக்கும்.

இந்த உரத்த எப்பிடிக் கண்டுபுடிச்சேன்னா கேக்கறீங்க? சொல்றேன். தொண்ணூத்தி ரெண்டுல ஊரு முச்சூடும் காஞ்சு கெடந்துச்சு. எல்லாத்து தென்னையும் மட்டை தொங்கிப் போயி நிக்குது, வாய்க்கா ஓரத்துல என்ர எட்டு மரம் மட்டும் கல்யாண ஊட்டுக்குக் கெளம்புன மாதிரி நிக்குது. பாரூக் சார் பாத்துட்டு அப்பிடியே நின்னுட்டாரு. நல்ல மனுசனுங்க, கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்காரரு, பக்ரீத்துக்கு எனக்குன்னு தனியா ஒரு தூக்குல பிரியாணி வந்துரும். அன்னைக்கு மூஞ்சி வாடிப் போயிருந்துச்சு. மேல அனுப்பற பாரத்துல, விவசாயி தானாச் செஞ்ச புதுமைன்னு ஒரு கட்டம் இருக்குதாமா. ஏழு மாசமா அதக் காலியாவே அனுப்பி மேலதிகாரிகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாராமா. ஆறுக்குட்டிண்ணா, இந்த மரத்துக்கு என்ன போடறீங்க, எதையாவது சொல்லுங்கண்ணான்னு கெஞ்சறாரு.

அப்ப இங்க ஆலையில வெல்லம் காச்சீட்டு இருந்தோமுங்க. கொப்பரை மேல நொரைச்சுட்டு வர்ற அழுக்கை வழிச்சு வெளிய ஊத்தீட்டு இருந்தாங்க. கண்ணுல பட்டது அதுதான். அதத்தானுங்க வேருல புதைக்கறேன்னு சொல்லிப்போட்டேன். எத்தனைன்னாரு. ஒரு கைப்பிடின்னேன். எழுதிக்கிட்டுப் போயிட்டாரு.

அதோட முடிஞ்சதுன்னு இருந்தனுங்க. ரெண்டு வருசங் கழிச்சு ஒரு செவ்வாக்கெழமை, அச்சடிச்ச தாளோட வந்து எனக்கே பாடம் நடத்தறாரு. மரத்துக்கு அஞ்சு கிலோவாமா, தண்டுல இருந்து நாலடி தள்ளிக் குழி எடுக்கோணுமாமா, வருசத்துக்கு ரெண்டு வாட்டியாமா. நாஞ் சொன்னதுன்னு அவருக்கு ஞாபகமே இல்லை. அஞ்சு கிலோ, நாலடின்னு கேட்டதும் எனக்கே அது வேற ஆரோ கண்டுபுடிச்சதாட்டத்தான் இருந்துச்சு. நல்ல யோசனையா இருக்குதுங்களே சார்ன்னேன். பொறகு உங்க ஃபைலத் தேடிப் பாத்தவீங்கதான் மூலம் ஆறுக்குட்டின்னு கண்டுபுடிச்சுப் போட்டாங்க. இப்ப உழவர் விழாவுல எனக்குப் பட்டயமாமே? சால்வை வேறயா? அட கெரகமே.

ஒண்ணு கேக்கட்டுங்களா. உங்க பண்ணையில போட்டுப் பாத்தீங்களே, அந்த மரம் நல்லாக் காச்சுதா? காய்க்காம என்னங்க. அங்க மூணு நாளைக்கு ஒருக்கா போர்த் தண்ணி பாயுது. அழுக்குப் போடாத மரம்? அதும் ஏறக்கொறைய அத்தனதானா? பொறகு எப்பிடீங்க தாளு அச்சடிச்சாங்க? ஓ, மார்ச்சுக்குள்ள டில்லிப் பணத்தைச் செலவு பண்ணிப்போடோணுமா. செரி செரி. அப்ப நீங்க ஒருத்தீங்கதான், அங்க இல்லாத வித்தியாசம் இந்த எட்டு மரத்துல மட்டும் எப்பிடி வந்துச்சு, வேரைத் தோண்டிப் பாத்தர்லாம்னு கெளம்பி வந்திருக்கறீங்க. கெட்டிக்கார அம்மணி. உங்களாட்ட ரெண்டு பேரு முன்னாலயே வந்திருந்தா நான் இத்தன தூரம் ஆடியிருக்க மாட்டனுங்க.

நான் சிரிச்சுட்டேதான் இருந்தேன். மூணு பலகையையும் சால்வையையும் நெனைச்சா தனியா உக்காந்தும் சிரிப்பு வரும். போன வாரம் தங்கச்சி ஊட்டுப் பக்கம் போனனுங்க. அவ ஆலையில இருந்து அந்த அழுக்கைத் தகரத்துல மோந்து தலையில வெச்சுச் சொமந்துட்டு வர்றா. நாப்பது மரத்துக்கும், மரத்துக்கு அஞ்சு கிலோ. இனிப்புக்குக் கட்டெறும்பு மொய்ச்சுக் கையி ரெண்டும் தடிச்சுக் கெடக்குது. தோப்புல எங்க பாத்தாலும் குரும்பை கொட்டிக் கெடக்குது. எதுக்குடி இன்னும் போடறேன்னேன். நீ சொன்னதாச்சே அண்ணா, இன்னொரு வருசம் போட்டாப் புடிச்சுக்கும்ங்கறா. மாப்பிள்ளை, இந்த வருசமும் காய்க்காட்டி நாப்பதையும் வெட்டிப்போட்டு பல்லடத்துக்குத் தறி ஓட்டப் போயிர்றேங்கறாரு. அவ குடுத்த மோரை அப்பிடியே திண்ணையில வெச்சுட்டு வந்துட்டனுங்க. வெக்கமாப் போச்சு.

ஏழு பேருக்குச் சொன்னேன், எட்டு பேருக்குச் சொன்னேன்னு கையெழுத்துப் போட்டேனே தவிர, சொல்ல வேண்டியத ஆருகிட்டயும் சொல்லலீங்க.

பாரத்துல பாசனம்னு ஒரு கட்டம் இருக்குதல்லங்க, அதுல என்ன எழுதியிருக்குது? கெணறா? அத அடிச்சுட்டு வாய்க்கான்னு எழுதுங்க. கெணறு வத்திப் பத்து வருசமாச்சு. மூணாவது மரத்தடியிலயே தோண்டுங்க. கல்லும் இல்லை, பாம்பும் இல்லை. ரெண்டடியிலயே ணங்குன்னு தட்டும், ரெண்டரை இஞ்சுப் பைப்பு. வாய்க்காக் கரைக்கு அடியில எட்டு வருசத்துக்கு முன்னால நானே புதைச்சது. எட்டு மரத்துக்கும் அதுதான் உரம். கடைமடைக்குன்னு போற தண்ணிதானுங்க அது. ஆமாங்க, என்ர தங்கச்சி தோப்புக்குப் போற தண்ணி.

பட்டயத்தை வேற ஆருக்காவது குடுத்துருங்க. பாரூக் சார் மேல தப்பில்லைன்னு மட்டும் ஒரு வரி சேத்தி எழுதிப்போடுங்க.

அதா வந்துட்டாங்க. முன்னால தோள்ல வெச்சுட்டு வர்றவருதான் மாப்பிள்ளை. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கறேன். பொம்பளைங்க கேட்டா மறுபேச்சுப் பேசமாட்டாருங்க. நீங்க எந்திரிச்சுப் போயி, சிரிச்ச மூஞ்சியா, மொதல்ல அந்தக் கடப்பாரைய வாங்கிப்போடுங்க அம்மணி.