கழுகுப்பாறை இருந்த எடம்

— வானமா? பாறைய அழிச்சிட்டு அந்த எடத்துல வானத்தப் பூசச் சொல்றியாடா அசோக்குமாரு?

— பதறாதீங்க பெரியம்மா, பிராக்டிகலா யோசிங்க. பாறை இருந்தப்ப நீங்க வரைஞ்ச முப்பது படத்துலயும் மலைக்கு மேக்கால அந்தக் கழுகுப்பாறை மட்டும் தெரியக்கூடாது. அம்புட்டுத்தேன். ரஷ்யாவுல பொறந்து, அங்கயே படிச்சு மெடல் வாங்குனவுங்க நீங்க. உங்களுக்கு நாலு நாள் வேலை.

— திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்லருந்து ஆபீசரு வாராருல்ல, அதுக்கா?

— ஆமா. எங்க குவாரிக் கம்பெனி எல்லை தாண்டி வெட்டிருச்சு, கழுகுப்பாறையவே காணோம்னு ஊர்க்காரங்க மனு குடுத்திருக்காங்க. அங்க பாறையே இருந்ததில்ல, பொட்டக்காடுதேன்னு நாங்க பதில் குடுத்துட்டோம். இப்ப ஆபீசரு உங்க படத்தையெல்லாம் பாக்கணுங்கிறாரு. பாத்தாருன்னா மிச்ச மலைக்கு பர்மிட் கெடைக்காது.

— பாறையே இருந்ததில்லையா? ஒனக்கு மொத மொட்ட போட்டதே அந்தப் பாறைக்கு அடியிலடா. சொல்றதுக்கு எப்பிடி வாய் வந்துச்சு?

— பொழப்புன்னு ஒண்ணு இருக்குல்ல பெரியம்மா.

— ஊருக்கும்தான் பொழப்பு இருக்கு. அந்தப் பாறை ஊத்துலதான் ஊருணி நெறஞ்சுச்சு. இப்ப போயிப் பாரு, கல்லுத்தூசி மெதக்குது.

— சொல்றதக் கேளுங்க. விருமாண்டி பெரியப்பாவக் கட்டிக்கிட்டு இங்க வந்து முப்பத்தஞ்சு வருசமாச்சு. புரவியெடுப்பு அன்னைக்கு ஊரே மண்குதிரையத் தூக்கிட்டுப் போகுது, நீங்க வருசா வருசம் வெயில்ல உக்காந்து அதே மலைய வரையிறீங்க. ஒருத்தன் வாங்குனானா? மொதலாளி முப்பதையும் எடுத்துக்கிறேங்கிறாரு. மெட்ராசுல கண்காட்சி வைப்பாராம். பேப்பர்ல உங்க போட்டோ வரும்.

— இத ஏற்கெனவே ஒருத்தன் எங்கிட்ட சொல்லிட்டான், கேளு. எனக்கு இருவத்திரெண்டு வயசு. லெனின்கிராடுல மொதக் கண்காட்சி. எங்க ஊரு ஆத்த வரைஞ்சு கொண்டுபோனேன், காகித மில்லுக் கழிவுக் குழாய் அதுல வந்து விழுகுறதோட. குழாய எடுத்துரு, செவுத்துல மாட்டுறோம்னாங்க. குழாய் மேல நாணலப் பூசிட்டேன். மெடல் குடுத்தாங்க.

— பாத்தீங்களா!

— எங்கப்பா மீன் பிடிக்கிற ஆளு. ரெண்டு நாள் ரயில்ல வந்து அந்தப் படத்தப் பாத்தாரு. இது எந்த ஊரு ஆறுன்னு கேட்டாரு. அம்புட்டுதான். சாகுற வரைக்கும் என் படத்தப் பத்தி ஒரு வார்த்த பேசல. வெக்கமாப் போச்சுடா. அந்த மெடல அதே ஆத்துல வீசுனேன். அதுக்கப்பறம் எவன் சொல்லியும் ஒரு புல்லக்கூட நான் சேத்து வரைஞ்சதில்ல.

— அது அந்தக் காலம். நாளைக்கு எங்க வக்கீலு, கெழவி இஷ்டத்துக்கு வரைஞ்சு வச்சிருக்குன்னு சொன்னா என்ன செய்வீங்க? வெளிநாட்டுக்காரின்னும் சொல்லுவாரு.

— இந்த ஊரு ஓட்டர் லிஸ்ட்ல எம் பேரு இருக்கு. ஒம் மொதலாளி பேரு இருக்கா?

— கோவப்படாதீங்க. படத்துக்கு யாரு சாட்சி? அதச் சொல்லுங்க.

— ஒங் கம்பெனிதான்டா சாட்சி.

— என்னது?

— எட்டு வருசத்துக்கு முன்னால இதே வாசல்ல வந்து நின்னியே, பெரியம்மா, கம்பெனி காலண்டருக்கு நம்ம மலைப் படம் ஒண்ணு குடுங்கன்னு. குடுத்தேன். மேல மலை, கழுகுப்பாறையோட. கீழ ஒம் மொதலாளி கும்புடுற போட்டோ. "எங்கள் குவாரி அமைந்துள்ள மலை"ன்னு கொட்டை எழுத்துல அச்சடிச்சு, வீட்டுக்கு வீடு நீயே குடுத்த.

— அய்யய்யோ... அது பழைய காலண்டரு பெரியம்மா. வருசம் முடிஞ்சதும் அடுப்புல போட்டிருப்பாங்க.

— சாமி இருக்குற மலைடா. எவ அடுப்புல போடுவா? தேதியக் கிழிச்சுட்டு, படத்த அதே ஆணியில விட்டுட்டாளுக. இன்னைக்கும் பொட்டு வச்சுக் கும்புடுறாளுக.

— இன்னும் நாலு நாள் இருக்குல்ல? வீடு வீடாப் போயி ஒண்ணு விடாம வாங்கிருவேன்.

— போ. மொதல்ல ஒன் வீட்டுக்குப் போ, ஆணி மட்டும்தான் இருக்கும். இன்னைக்குக் காலையில கொட்டாம்பட்டியில மொத பஸ்ஸப் புடிச்சு, அந்தக் காலண்டர மடியில வச்சுக்கிட்டு மதுரை மாட்டுத்தாவணியில எறங்கி, கலெக்டர் ஆபீஸ்ல குடுத்துட்டு வந்தவ ஒங்காத்தா மாயக்காதான்டா.