இல்லாத லிப்டுக்கு ஒரு பில்

அம்பாசமுத்திரம் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். ஒருவர் திருநெல்வேலியில் ஒரு வணிக வளாகத்தில் தையல் கடை வைத்திருப்பவர். மற்றவர் வயதில் மூத்தவர், அம்பாசமுத்திரத்தில் பாத்திரக்கடைக்காரர். பஸ் கிளம்பும் முன்பே தையல்காரர் சொன்னது காதில் விழுந்தது.

“போன மாசம் நான் லிப்டுல ஏறி எறங்கின செலவு நூத்தியிருவது ரூவா, அண்ணாச்சி.”

“உம்ம கட்டடத்துல ஏதுவே லிப்டு?”

“கிடையாதுல்லா! பராமரிப்பு பில்லை இப்பம் கம்ப்யூட்டர்ல போடுதாவ. வேற எந்தக் கட்டடத்துக் கணக்கோ அதுல கெடந்திருக்கு.”

“ஓனர்ட்ட சொன்னீரா?”

“சொன்னேன். ‘மிஷின் தப்பு பண்ணாது’ன்னுட்டாரு. நான் சண்டை போடலை. ‘சரி, வாங்க, லிப்டுலயே மாடிக்குப் போயி பேசுவோம்’னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். படிக்கட்டுகிட்ட வந்து நின்னுட்டாரு. அத்தனை கடைக்காரனும் வேடிக்கை பாக்கான்.”

“பொறவு?”

“பழைய கணக்குப்பிள்ளையை வரச்சொல்லி, ஒரு வருஷத்து பில்லையும் கையால பாக்க விட்டாரு. பதினாலு கடைக்கும் லிப்டு ரூவா திரும்பி வந்துட்டு.”

“பரவால்லையே! உம்மைத் தலையில தூக்கி வச்சு ஆடுதானுவளோ?”

“ஒருத்தனும் எங்கிட்டப் பேசமாட்டேங்கான், அண்ணாச்சி.”

“ஏன்வே?”

தையல்காரர் குரலைத் தாழ்த்தினார். நானும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தேன்.

“ஒரு வருஷமா தண்ணி மோட்டாரு ஓடுன கரண்டு காசை எந்தக் கடைக்கும் கம்ப்யூட்டர் போடவே இல்லையாம். கணக்குப்பிள்ளை அதையும் கண்டுபிடிச்சுட்டாரு.”