கடைசிச் சரணத்துக்கு முன் ஒரு மூச்சு

எனக்கு இந்தி தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்து, ஆரம்பத்திலிருந்தே இவன் ஏமாற்றுப் பேர்வழி என்று எழுதிக்கொள்ளக் கூடாது. பழைய இந்திப் பாட்டென்றால் உயிரை விடுகிற எங்கள் கூட்டத்தில் யாருக்குமே இந்தி தெரியாது. வரிகளைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு, இது எந்தக் ‘க’ என்று சண்டை போட்டுக்கொண்டு, உத்தேசமாக ஓர் இடம் பார்த்து அழுவோம். நாங்கள் வருஷக் கணக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்ட ஒரு பாட்டு, கதாநாயகனின் சைக்கிள் பஞ்சரானதைப் பற்றியது என்று பிறகு தெரியவந்தது. அதற்கப்புறமும் அழுதோம். பழகிவிட்டது.

டீக்கு நன்றி. இந்த மின்விசிறியை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், சார். ஓர் ஓரத்தில் தட்டிக்கொண்டே இருக்கிறது. உங்களுக்குக் கேட்காது, எனக்குக் கேட்கும். காதுதான் என் பிழைப்பு. காது கேட்கும் கருவி விற்கிற கடையில், சோதனை செய்து கருவி பொருத்துகிற ஆள் நான். கண்ணாடிக் கூண்டுக்குள் ஆளை உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, மெல்லிய சத்தங்களை அனுப்புவேன். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்காதவர்களும் மரியாதைக்காக அழுத்துவார்கள். மனுஷர்கள் நல்லவர்கள்.

ஞாயிறு சாயங்காலம் கூட்டம் என் வீட்டு முன்னறையில் கூடும். ‘அட்டை’ வருவார். இசைத்தட்டை விட அதன் உறையைத்தான் அவர் அதிகம் சேர்த்து வைத்திருக்கிறார், அதனால் அந்தப் பெயர். பல் டாக்டர் வருவார். இன்னும் சிலர். முன்பெல்லாம் என் மனைவி டீ போட்டுக் கொடுப்பாள். இப்போது தன் அக்கா வீட்டில் இருக்கிறாள். போகும்போது ஒன்று சொன்னாள்: “நான் மூச்சுத் திணறிச் செத்தாக்கூட உங்க காதுல விழாது. அந்த ரெக்கார்டுல எவளோ விட்ட மூச்சு மட்டும் விழும்.” அவள் சொன்னதில் பாதி தவறு. அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

அந்த மூச்சு. எங்களிடம் ஒரு தட்டு உண்டு. பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், படத்தில் வருகிற பெண்ணின் பெயரை அச்சடித்திருப்பார்கள். அந்தக் காலத்தில் அப்படி ஒரு வழக்கம். பாடினவள் யாரென்று உலகத்துக்குத் தெரியாது. கடைசிச் சரணத்துக்கு முன் வாத்தியங்கள் எல்லாம் அடங்கி ஓர் இடைவெளி வரும். அதில் ஒரு மூச்சு. உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்று சொல்ல முடியாத, பாதியில் கிழிந்த மாதிரி ஒரு மூச்சு. அதற்குப் பிறகுதான் சரணம். அந்த இடம் வரும்போது மின்விசிறியை நிறுத்துவோம். நாற்காலியில் யாரும் அசையக் கூடாது. பல் டாக்டர் ஒருமுறை தும்மிவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டார், தானாகவே.

கைவிடப்பட்ட ஒரு பெண், பாட்டை முடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்த கணம் அது என்பது என் கட்சி. காசநோய் என்பது அட்டையின் கட்சி. தட்டு முடிந்ததும் அதை உறையில் போட்டு மூடிவிடுவோம். அதற்கு மேல் எதையும் கேட்க மனசு வராது. அதன் மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று நாங்கள் திருப்பிப் போட்டதே இல்லை. கோயிலுக்குள் போய்விட்டுப் பின்வாசலில் யாராவது எட்டிப் பார்ப்பார்களா?

நீங்கள் விசாரிக்கிற அந்த அக்கா எங்கள் கடைக்கு மகளுடன் வந்தார். எனக்கு அம்மா வயது. ஆனால் “அம்மான்னு கூப்பிட்டா வயசாயிட்ட மாதிரி இருக்கு தம்பி” என்றதால் அக்கா. கூண்டுக்குள் நான் அனுப்பிய சத்தம் எதற்கும் பொத்தான் அழுந்தவில்லை. சலித்துப்போய்க் கொட்டாவி விட்டார். இப்படிப்பட்டவர்களுக்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். எங்கள் பாட்டைச் சத்தமாகப் போடுவேன். போட்டேன். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். உதடு அசைந்தது. பாட்டுக்கு ஒரு வரி முன்னால் அசைந்தது.

“தம்பி, இது நான் பாடினது. இதை எங்க புடிச்சீங்க?” என்றார். ஹெட்போன் மாட்டியவர்கள் கத்தித்தான் பேசுவார்கள். கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

பொய் சொல்கிறாரா என்று பாடச் சொல்லிப் பார்த்தேன். குரல் போயிருந்தது. ஆனால் இரண்டாம் சரணத்தில் ஒரு சொல்லை அழுத்தி, உடனே அதற்காக வருத்தப்படுகிற மாதிரி விடுவாரே, அது அப்படியே இருந்தது. அர்த்தம் கேட்டேன். “எனக்கு எங்க இந்தி தெரியும்? தமிழ்ல எழுதிக் குடுத்தாங்க, பாடினேன்” என்றார். சார், அந்த நிமிஷம் எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எங்களில் ஒருவர்.

பாட்டுப் பதிவான கதையைச் சொன்னார். “காலையிலேயே வரச் சொல்லிட்டாங்க. எனக்கு முன்னாடி ஒரு ஆம்பளைப் பாட்டு. அது முடியவே மாட்டேங்குது. நாள் பூரா அதே ரூம்ல ஓரமா உக்காந்திருந்தேன். அப்புறம் எல்லாருக்கும் ஒரே மைக். ஆர்மோனியக்காரர் என் முட்டியை இடிச்சுக்கிட்டே வாசிச்சார்.”

நான் அவர் காதருகே குனிந்து, சத்தமாக அந்த மூச்சைப் பற்றிக் கேட்டேன்.

“எந்த மூச்சு? பாட்டுன்னா மூச்சு விடாமயா பாடுவாங்க? மெஷினை மாட்டிவிடுங்க, கேட்டுட்டுச் சொல்றேன்.”

கருவி சீக்கிரமே வந்துவிட்டது. என் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது. இன்னும் வரவில்லை என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏன் என்று கேட்கிறீர்கள். ஒரு நல்ல விஷயத்தைப் பற்றி அவசரப்பட்டு யாரும் கருத்துச் சொல்லிவிடக் கூடாதே என்றுதான்.

மகளுக்கு ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட் உண்டு. அம்மாவைத் தனியாக விட்டுவிட்டுப் போகப் பயம், ஆஸ்துமா, இழுப்பு வரும் என்று. நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மதியம் போய்க் கூட்டிக்கொண்டு வருவேன், கூட்டத்துக்கு முன் கொண்டுபோய் விட்டுவிடுவேன். கூட்டத்துக்கு அக்காவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியில் தலையணை வைப்பேன். ஆப்பிளைத் தோல் சீவிப் பொடியாக நறுக்கிக் கொடுப்பேன். என் மனைவிக்கு நான் அதைச் செய்ததில்லை. என் வீட்டை அக்கா சுற்றிப் பார்த்துவிட்டு, “உங்க வீட்டுக்காரி போனது நியாயம்தான் தம்பி. வீடு பூரா தட்டு. சாப்பிட ஒரு தட்டு இல்லை” என்றார். நான் ரொம்ப நேரம் சிரித்தேன். அந்த வீட்டில் யாரும் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

வாயில் வைத்து அழுத்துகிற மருந்து பஃப்பை மகள் என்னிடம் கொடுத்திருந்தாள். “இழுப்பு வந்தா ரெண்டு தடவை அழுத்துங்க அங்கிள், அவ்வளவுதான். பதறாதீங்க.” சட்டைப் பையில், தட்டுத் துடைக்கும் பிரஷ்ஷோடு வைத்துக்கொண்டேன்.

முதல் தடவை வந்தபோது பதறிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். சமையலறையில் தேடினேன், குளியலறையில் தேடினேன், என் பையிலேயே இருப்பது மறந்துபோயிற்று. அந்த இடைவெளியில்தான் அது என் காதில் விழுந்தது. உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்று சொல்ல முடியாத, பாதியில் கிழிந்த மூச்சு. சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். அத்தனை வருஷம் தட்டின் கரகரப்புக்கு அடியில் கேட்டது, கரகரப்பு இல்லாமல், என் வீட்டு நாற்காலியில்.

பிறகு பஃப் கொடுத்தேன். சரியாயிற்று. “பயந்துட்டீங்களா?” என்று அக்கா என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

அடுத்த தடவை அவ்வளவு பதறவில்லை. பஃப் எங்கே இருக்கிறதென்று தெரியும். கொஞ்சம் நின்று, கவனித்துவிட்டுக் கொடுத்தேன். அதை நீங்கள் தாமதம் என்கிறீர்கள். நான் தாமதிக்கவில்லை, கேட்டேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. என் கைபேசியில் ‘மூச்சு’ என்ற பெயரில் இருக்கும் ஒலிப்பதிவுகள் அப்படிச் சேர்ந்தவை. ஒப்பிட்டுப் பார்க்கத்தான்.

பரணிலிருந்து பழைய உறைகளை இறக்கித் தூசி தட்டியது பற்றிக் கேட்டீர்கள். தட்டுகளைச் சுத்தமாக வைப்பது நல்ல பழக்கம். அக்கா இருக்கும்போது ஏன் தட்ட வேண்டும் என்றால், அவருக்குச் சும்மா உட்கார்ந்திருந்தால் போரடிக்கும். ஆமாம், தூசி பட்டால் இழுப்பு வரும் என்று மகள் சொல்லியிருந்தாள். தெரியும்.

எனக்கு அப்போதே அலுப்பாகத்தான் இருந்தது, சார். ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அதுதான், ஆனால் அது இல்லை. கொஞ்சம் முன்னால் நின்றுவிடும். பஃப்பை எடுத்துவிடுகிறேனே.

அந்தக் கடைசி ஞாயிற்றுக்கு முன்தினம் மகள் கடைக்கே போன் செய்துவிட்டாள். கருவி வந்து ரொம்ப நாளாச்சே என்று முதலாளி சொல்லிவிட்டார். இனி மறைக்க வழியில்லை. சரி, நாளைக்கே பொருத்திவிடுகிறேன், கூட்டத்துக்கும் அறிமுகப்படுத்துகிறேன் என்றேன். அக்காவுக்கு அதுதான் ஆசை. தன் பாட்டை ஒருதடவை தானே நன்றாகக் கேட்க வேண்டும், நாலு பேர் நடுவில் உட்கார்ந்து கேட்க வேண்டும். நல்ல சேலை கட்டி வந்திருந்தார். “பவுடர் ஜாஸ்தியா தெரியுதா தம்பி?” என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்சம் ஜாஸ்திதான்.

நாற்காலிகளைப் போட்டுவிட்டுக் கருவியைப் பொருத்தினேன். வேலையில் குறை வைக்கவில்லை, நன்றாகவே பொருத்தினேன். தட்டைப் போட்டேன். அக்கா கண்ணை மூடிக் கேட்டார். முதல் சரணத்தில் கண் கலங்கிற்று. இரண்டாம் சரணத்தில் தலையாட்டினார். அந்த இடம் வந்தது. அக்கா சிரித்துவிட்டார்.

“அட, இதையா சொன்னீங்க? இது நான் இல்லை தம்பி. ஆர்மோனியப் பொட்டி. துருத்தி கிழிஞ்சு போய், அந்த மனுஷன் பிளாஸ்திரி ஒட்டி வெச்சிருந்தார். அமுக்கிட்டு விடுறப்பல்லாம் இப்படித்தான் இழுக்கும்.”

அவர் காதிலிருந்த கருவியை இன்னொரு முறை சரிபார்த்தேன்.

“இத்தனை வருஷமா ஒரு பொட்டிக்கா அழுதீங்க? எனக்கு டிபின்னு வேற சொன்னாராமே உங்க அட்டை? இருங்க, எல்லாரும் வரட்டும். இதைச் சொல்லி அத்தனை பேரையும் சிரிக்க வெக்கறேன்.”

சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பே இழுப்பாக மாறிற்று. அன்றைக்குத் தூசி தட்ட வேண்டியிருக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பஃப்புக்காகக் கையை நீட்டினார். ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று எனக்குத் தோன்றிற்று. வயதானவர், ஞாபகம் பிசகியிருக்கலாம். “ஒரு நிமிஷம்க்கா, இதோ வந்துடும்” என்று ஊசியை எடுத்து ஆரம்பத்தில் வைத்தேன். நேராகக் கடைசிச் சரணத்துக்கு முன்னால் வைத்திருக்கலாமே என்பீர்கள். நடுவில் ஊசி வைத்தால் தட்டில் கீறல் விழும்.

அக்கா நாற்காலிக் கையைத் தட்டினார். பிறகு என் சட்டையைப் பிடித்தார். பை எதுவென்று அவருக்குத் தெரியும். அதில் பிய்ந்த பொத்தானைத்தான் நீங்கள் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறீர்கள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். முரட்டுத்தனமாக இல்லை. இரண்டாம் சரணம் முடிந்தது. வாத்தியங்கள் அடங்கின. அந்த இடத்தில் தட்டும் அக்காவும் ஒன்றாக வந்தார்கள். ஓர் இழை வித்தியாசம் இல்லை. அதற்கப்புறம் தட்டில் மட்டும் சரணம் தொடர்ந்தது.

கூட்டம் வந்தது. உதட்டில் விரல் வைத்து அவர்களை உட்காரச் சொன்னேன். ‘இவர்தான்’ என்று மட்டும் சொன்னேன். அக்கா கண்மூடி, தலையணையில் சாய்ந்து இருந்தார். கேட்கத் தயாராக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். மின்விசிறியை நிறுத்தினேன், தட்டைப் போட்டேன். அவ்வளவு நல்ல கூட்டம் எங்களுக்கு அமைந்ததே இல்லை. முடிந்ததும் கைதட்டினார்கள். பல் டாக்டர் எழுந்து நின்று தட்டினார். அட்டைதான் போய்க் கை கொடுத்தார். கொடுத்தவர் கையை எடுக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

மகள் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தாள். “பஃப் எங்க அங்கிள்?” என்றாள். எடுத்துக் கொடுத்தேன். பிரஷ்ஷும் கூடவே வந்து விழுந்தது. அவள் அழவில்லை. “பாக்கெட்லயேவா இருந்துச்சு?” என்று மட்டும் கேட்டாள்.

இருந்தது. அக்கா கேட்டார், நான் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று தெரியும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த மகளிடம் மட்டும், அம்மாவின் பாட்டை எல்லோரும் நின்று கைதட்டிக் கேட்டார்கள் என்று சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வாள்.

அட்டை அந்தத் தட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்டதாகச் சொன்னீர்கள். மறுபக்கத்தில் ஏதோ ஓர் ஆண் பாடிய வேடிக்கைப் பாட்டாம். அதிலும் இரண்டு இடத்தில் அதே மூச்சு வருகிறதாம். இங்கேயே போட்டுக் காட்டுகிறோம் என்கிறீர்கள். வேண்டாம் சார், இன்றைக்குக் காது ஓய்ந்துபோயிருக்கிறது. அப்படியே வந்தாலும் அதனால் என்ன? அக்காதான் சொன்னாரே, அந்தப் பாட்டு முடிகிற வரைக்கும் அதே அறையில், ஓரமாக உட்கார்ந்திருந்தேன் என்று. அவ்வளவு நேரம் காத்திருந்தவர், ஒரு மூச்சாவது விட்டிருக்க மாட்டாரா?