சொடுக்குக்கு விழுகிற பிள்ளைகள்

பதினேழு நாள், நாளுக்கு நான்கு மணி நேரம். ஆக அறுபத்தெட்டு மணி நேரம் அந்த ஒத்திகைக் கூடத்தின் தரையில் உட்கார்ந்திருந்தேன். நாற்காலி கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை.

நீங்கள் என்னைக் காவல் நிலையத்துக்குச் சாட்சியாகத்தான் அழைத்திருக்கிறீர்கள். அதனால் பார்த்ததை முதலில் சொல்கிறேன்.

படித்தது இயற்பியல். பிழைப்பு புகைப்படம். அந்த பாலே குழுவின் புது நடனம் உருவாவதைப் படமெடுக்க என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம், அதில் முதன்மையாக ஆடுபவள் என் தங்கை என்பதுதான். வீட்டில் அவளைச் சின்னது என்போம். நடனத்தை அமைப்பவர் எல்லோருக்கும் மாஸ்டர். அறுபதைத் தாண்டியவர். வலது கையில் லேசான நடுக்கம் உண்டு. வேலையில்லாத நேரத்தில் அந்தக் கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார்.

இரண்டாம் பகுதியின் முடிவில் ஒருவர் சின்னதைத் தலைக்கு மேல் தூக்கி நிற்பார். கூடத்தில் அவருக்குக் கிரேன் என்று பெயர். அவள் கூரையைப் பார்த்து மல்லாந்திருப்பாள்; கீழே நடப்பது அவளுக்குத் தெரியாது. மாஸ்டர் அந்த வலது கை விரலைச் சொடுக்குவார். அந்தச் சத்தம் கேட்டதும் அவள் பின்பக்கமாக விழ வேண்டும். கிரேன் மாஸ்டரின் கையைப் பார்த்து ஓர் எட்டு பின்வாங்கி, தரைக்கு ஒரு முழம் மேலே அவளைப் பிடிப்பார். கேட்பது அவள், பார்ப்பது அவர்.

முதல் நாள் என் கேமரா இரண்டு முறை சத்தம் போட்டதும் மாஸ்டர் நிறுத்திவிட்டார்.

"ஏம்மா, இந்த டிக் டிக் வேணாம். இதுங்க என் சொடுக்குக்கு விழுற பிள்ளைங்க. நீ பாட்டுக்கு அமுக்கினா, அது பாட்டுக்கு விழுந்து வைக்கும்."

"நான் ரெடியா இல்லேன்னா நேரா ஆஸ்பத்திரிதான் மாஸ்டர்" என்றார் கிரேன்.

"அங்கயாவது வயிறாரச் சாப்பிட விடுவாங்களா?" என்றாள் சின்னது மேலேயிருந்து. எல்லோரும் சிரித்தார்கள். நான் கேமராவைச் சத்தம் வராத நிலைக்கு மாற்றினேன்.

அந்தக் கூடத்தில் வெளிச்சம் குறைவு. லென்ஸ் தானாகக் குவியத்தை, அதாவது ஃபோகஸை, தேடிப் பிடிப்பதற்குள் ஆட்டம் கடந்துவிடும். அதனால் அடுத்தது எங்கே நடக்கப்போகிறதோ, அந்த இடத்தில் முன்கூட்டியே கையால் குவித்து வைத்துவிட்டுக் காத்திருப்பேன். தொழிலில் எனக்குத் தெரிந்த ஒரே சூட்சுமம் அதுதான்.

சின்னதுக்கு இரண்டு கால் பெருவிரல்களிலும் நகம் இல்லை. காலையில் அரை ஆப்பிள் சாப்பிடுவாள். மீதிப் பாதி மாலைக்கு. இன்னும் பத்து நாளில் குழு வெளிநாடு கிளம்ப இருந்தது, இரண்டு வருடத்துக்கு.

"நீதானே பெரியவ, போக வேணாம்னு நீ சொன்னா கேப்பா" என்றாள் அம்மா.

"யாருகிட்ட சொல்லச் சொல்ற?" என்றார் அப்பா. "இவ பஸ்ஸுல இறங்கணும்னுகூடச் சொல்ல மாட்டா. ரெண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்து வருவா."

உண்மைதான்.

பதினெட்டாம் நாள் காலை அவள் விரல்களுக்குப் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நான் போறது உனக்குப் பிடிக்கல."

நான் கத்தரிக்கோலைத் தேடினேன்.

"வாயைத் திறந்து ஒரே ஒரு தடவ 'போகாதடி'ன்னு சொல்லு பாப்போம். சத்தியமா யோசிக்கிறேன்."

கத்தரிக்கோல் என் மடியிலேயே இருந்தது.

"பிளாஸ்திரி என் கால்லயா, உன் வாயிலயாக்கா?"

அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கு அப்படித்தான்.

அதனால் வேறு வழி யோசித்தேன். கிரேனின் கைகள் தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து விழ 0.64 விநாடி. அவள் முன்னதாகவே விழுந்தால், கிரேன் அதை உணர்ந்து நகரக் கால் விநாடி ஆகும். மீதி நேரத்தில் பாதி எடையையாவது தாங்கிவிடுவார். கணுக்கால் பிசகும். ஆறு வாரம் ஓய்வு. குழு அவள் இல்லாமல் போகும், நகம் வளரும். கணக்கை இரண்டு முறை சரிபார்த்தேன்.

மதியம் கேமராவின் சத்தத்தைத் திரும்ப இயக்கினேன். அவளைத் தூக்கி நிறுத்திய கிரேன், இன்னும் மாஸ்டரின் கையைப் பார்க்காமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது அழுத்தினேன்.

கிரேனின் தோளில் இடித்து அவள் காற்றில் திரும்பினாள். அது என் கணக்கில் இல்லை. முதுகு தரையில் பட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பாது என்கிறார் மருத்துவர்.

முதல் நாளுக்குப் பிறகு வாய் திறக்காத கேமராவை யாரும் நினைக்கவில்லை. மாஸ்டர் தன் நடுங்கும் கையைத்தான் பார்த்தார். "என் விரல் முந்திடுச்சு" என்று உங்களுக்கு எழுதியும் கொடுத்துவிட்டார். இனி எந்தக் கூடத்திலும் அவரைச் சேர்க்க மாட்டார்களாம். நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் தங்கச்சிய நான் முடமாக்கிட்டேனேம்மா" என்று அழுதார். அவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

அவளைக் காப்பாற்றத்தான் செய்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சொல்ல வாய் வராதவள் வேறு என்ன செய்ய முடியும்?

அன்று நான் எடுத்தவை இரண்டே படங்கள். உங்கள் மேசையில் இருக்கின்றன. முதலாவதில் அவள் மேலே இருக்கிறாள், மங்கலாக. இரண்டாவதில் தரையில் கிடக்கிறாள். தரைப் பலகைகளின் இடுக்கு, அவள் இமைமுடி, காலையில் நான் கோணலாக வெட்டிய பிளாஸ்திரியின் பிசிறு, எல்லாம் தெளிவாக விழுந்திருக்கின்றன. இரண்டு படங்களுக்கும் நடுவே ஒரு விநாடிகூட இல்லை.

"இது மட்டும் எப்படிம்மா இவ்வளவு சுத்தமா வந்துச்சு?" என்று கேட்டீர்கள்.

ஒரு விநாடிக்குள் குவியத்தை மாற்ற யாராலும் முடியாது. நான் அதை முன்கூட்டியே தரையில்தான் வைத்திருந்தேன்.