பத்து நிமிஷ சைரன்

இல்ல சார், சதி கிதியெல்லாம் ஒண்ணும் கிடையாது. அது கம்பைலரு பண்ண வேலை. எழுதிக்கோங்க, கம்பைலர். ஐயோ, ஆளு பேரு இல்ல சார், கம்ப்யூட்டர்ல இருக்குற சாமான். நீங்க வக்கீலு, வெளியிலேர்ந்து என்கொயரிக்கு வந்திருக்கீங்க, உங்களுக்கு எப்படித் தெரியும். தமிழ்லயே சொல்லட்டுமா? கன்னடமும் நல்லா வரும், ஆனா பொய் கலக்காம பேசணும்னா எனக்குத் தமிழ்தான் வாகா இருக்குது.

நான் மெயின்டெனன்ஸ் எலக்ட்ரீசியன், முனிராஜ். இந்த பீன்யா ஃபேக்டரிக்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு. காலையில பத்து மணிக்கு இங்க டீ பிரேக். கேட்டுல வாட்ச்மேன் கண்ணா சுவிட்ச அமுக்குவாரு, சைரன் ஊதும். பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி அமுக்கணும். அந்த மனுஷன் போன்ல பேசிகினே மறந்துடுவாரு. ஜிஎம் பத்ரிநாத் சாரு என்னைக் கூப்ட்டாரு. முனிராஜ், நீ யூடியூப் பாத்து சிப்பு புரோகிராமெல்லாம் கத்துக்கிறியாமே, ரெண்டாவது சைரன் தானா ஊதற மாதிரி ஒண்ணு பண்ணேன்னாரு. எனக்கு உச்சி குளிர்ந்துடுச்சு. சரின்னு தலையாட்டிட்டேன்.

புரோகிராம்னா இன்னா சார், சிப்புகிட்ட எண்ணுடான்னு சொல்றதுதான். ஒண்ணு, ரெண்டு, மூணு, லட்சம், கோடின்னு அது பாட்டுக்கு எண்ணும். எண்ணி முடிச்சா சைரன். எவ்ளோ எண்ணினா பத்து நிமிஷம்? அதுக்குக் கணக்கு இருக்குது, நான் போடல. ஒரு ஞாயித்துக்கிழமை பூரா சுவத்து கெடியாரத்தைப் பாத்து, நம்பரை ஏத்தி எறக்கி, ஏத்தி எறக்கி, ஒரு வழியா பத்துக்குக் கொண்டாந்தேன். சிப்புக்குள்ளயே டைமர் இருக்குமேவா? அட, வெவரமாத்தான் கேக்குறீங்க. உங்க பொண்ணு இன்ஜினியரிங் படிக்குதா? இருக்குது சார். ஆனா நாம புதுசு, எண்ணவே அப்பதான் கத்துக்கிறோம்.

கம்பைலருன்னா நாம எழுதறதை சிப்பு பாஷைக்கு மாத்திக் குடுக்குற சாஃப்ட்வேரு. மொதல்ல கெடைச்ச இலவசத்தைப் போட்டேன். நல்லாத்தான் ஓடுச்சு. சொம்மா இருந்தேனா? யூடியூப்ல ஒருத்தன், அதெல்லாம் குப்பை, காசு குடுத்து வாங்கறதைப் போடு, அறுபது நாள் ஓசியில தருவாங்கன்னான். போட்டேன். அது மகா புத்திசாலி சார். நான் எழுதினதைப் படிச்சுட்டு, இந்த ஆளு எண்ணிகினே இருக்கான், எண்ணி ஒண்ணும் கிழிக்கலன்னு அந்த இடத்தையே வெட்டி எறிஞ்சிடுச்சு. மறுநாள் பத்து மணிக்கு ஊஊன்னுது. கூடவே இன்னொரு ஊஊ. முன்னூறு பேரு பாதி எழுந்து நிக்கிறாங்க, டீ குடிக்கப் போறதா, ஒக்கார்றதான்னு தெரியல. கேன்டீன்காரரு டீ கேனைக் கையில வச்சிகினு என்னைப் பாத்த பார்வை இருக்குதே, அய்யோ. பேஜாராயிடுச்சு.

இதுல கை வைக்காதேன்னு கம்பைலருக்குச் சொல்ல ஒரு வார்த்தை இருக்குது. அதைப் போட்டு, மறுபடியும் கெடியாரத்துகூட மல்லுக்கட்டி பத்தாக்கினேன். ரெண்டு மாசம் ஜம்முனு ஓடுச்சு. அப்பால ஜிஎம் சாரு, சைரன் ஜாஸ்தி அழுவுது, கொஞ்சம் சின்னதா ஊதட்டும்னாரு. அதை மட்டும் மாத்தி திரும்ப ஏத்தினேன். சத்தியமா வேற எதையும் தொடல. ஆனா அந்த அறுபது நாளு முடிஞ்சிருந்துச்சு. ஓசி முடிஞ்சா அந்தக் கம்பைலரு மந்தமாயிடுது சார். அது மாத்திக் குடுக்குறதும் மெதுவாத்தான் எண்ணுது. பத்து நிமிஷம் பதினாலு ஆயிடுச்சு.

இருபத்திமூணு நாளு ஒரு ஆளு வாயத் தொறக்கல. எல்லார் கையிலயும் வாட்ச் இருக்குது. கண்ணாவுக்கும் தெரியும், கமுக்கமா இருந்துட்டாரு. ஆடிட்டுக்கு வந்த மேடம்தான் கண்டுபிடிச்சாங்க. உடனே எனக்கு சார்ஜ் ஷீட்டு, வேலையே போகும்னு சொல்றாங்க.

எனக்கு எப்ப தெரியுமா?

இதைக் கேக்க மாட்டீங்கன்னு நெனச்சேன். கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன் சார்.

மொத நாளே தெரியும். என் வீட்டுக்காரி சரளா இங்கதான் அசெம்பிளி லைன்ல இருக்குறா. லேடீஸ் நூத்தி நாப்பது பேரு, பாத்ரூம் நாலு, அதுவும் ஸ்டோருக்குப் பின்னாடி. போயி, க்யூவுல நின்னு, பத்து நிமிஷத்துல திரும்பி வரணும். எங்க சார் முடியும்? அதனால காலையிலேர்ந்து தண்ணியே குடிக்க மாட்டாங்க. சரளாவுக்கு ரெண்டு தடவை யூரின் இன்ஃபெக்ஷன், குளிர் காய்ச்சல், ஆஸ்பத்திரி. நான் டாக்டர் எதிர்லயே அவளைத் திட்டினேன், தண்ணி குடிக்க உனக்கு இன்னா கேடுன்னு. அதை நெனச்சா இப்பவும் எனக்கு அவமானமா இருக்குது.

சைரன் பதினாலு ஆன மொத நாளு சாயங்காலம் பஸ்ல வரும்போது சொல்றா, இன்னாங்க, இன்னிக்கு நான் பாத்ரூமும் போனேன், டீயும் குடிச்சேன்னு. சொல்லிட்டு சிரிக்கிறா. சைரன் லேட்டா ஊதியிருக்குன்னு அப்பவே எனக்குப் புரிஞ்சுடுச்சு சார். மறுநாள் வாட்ச் வச்சுப் பாத்தேன், பதினாலு. நம்பரை மாத்தறது ரெண்டு நிமிஷ வேலை. மாத்தல. மொத நாளு கம்பைலர் தப்பு, மீதி இருபத்திரெண்டு நாளும் என் தப்பு. அப்படியே எழுதிக்கோங்க.

இப்பவா? அதெல்லாம் சரி பண்ணியாச்சு சார். எந்தக் கம்பைலரைப் போட்டாலும் இனிமே ஒரு செகண்ட் கூட மாறக் கூடாதுன்னு ஜிஎம் சாரு கறாரா சொல்லிட்டாரு. ராவும் பகலும் படிச்சு, நெஜ டைமரை வச்சே எழுதி, இன்னிக்குக் காலையிலதான் ஏத்தினேன். முன்ன பின்ன போகவே போகாது.

தோ, பத்தாச்சு, ஊதுது பாருங்க. எழுந்திருங்க சார், நீங்களும் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. அவசரமே இல்ல, கரெக்டா பதினாலு நிமிஷம் இருக்குது.