மூன்றாவது பெயர்

அமெரிக்காவில், சன்னிவேல் போகும் காலை ரயிலில் முன்சீட்டுப் பெண் தோழியிடம் சொன்னாள்: “எங்கப்பாவோட கொள்ளுத்தாத்தா இங்கிலீஷ்காரராம்டி.”

“என்னடி உளர்ற?”

“டிஎன்ஏ டெஸ்ட் பண்ணினேன்ல? லண்டன்லேர்ந்து ஒருத்தி, நாம கசின்ஸ்னு மெயில் பண்ணியிருக்கா. கூடவே அவங்க வீட்டுப் பழைய போட்டோ. ஊட்டி டீ எஸ்டேட் துரை. தொப்பியை எடுத்துட்டா அப்படியே எங்கப்பா!”

“ஐயையோ! அப்போ அமாவாசை தர்ப்பணத்துல மூணாவதா, கொள்ளுத்தாத்தான்னு உங்கப்பா சொல்ற பேரு?”

“யாரோ! முப்பது வருஷமா அந்த ஆளுக்குத்தான் எள்ளும் தண்ணியும் விட்டிருக்கார்.”

“அப்பாகிட்ட சொல்லிட்டியா?”

“சொன்னேன். முந்தாநாளே. இன்னிக்குக் காலையில கூப்பிட்டு, ‘நாளைக்கு அமாவாசை. துரைக்கு என்ன கோத்திரம் சொல்றது?’ன்னு கேக்கறார்.”